செவ்வாய்க்கும் மறு வியாழனுக்கும் நடுவில்

குளவாய்க்கரை,
திருத்துறைப்பூண்டி வழி.
நவம்பர் 14

அரசப்பனுக்கு, அன்பரசன் பெண்சாதி அம்சம் எழுதுவது.

கடுதாசி என்றால் முதலில் சுகம் கேட்க வேண்டும் என்று அஞ்சாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்கள். அதோடு என் படிப்பு முடிந்தது. உன் சுகம் எனக்கு வேண்டாம். ஜெயிலில் வேளாவேளைக்குச் சோறு போடுகிறார்களாம். அந்தச் சோற்றில் கல் கிடக்கட்டும்.

நேற்று உன் வக்கீல் நாகநாதன் வந்தார். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். "கையெழுத்துப் போடும்மா, கூடப் பொறந்தவரு தை மாசத்துக்குள்ள வெளிய வந்துடுவாரு" என்றார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் புருசன் செத்தது நீ வெட்டின வெட்டால் இல்லையாம். அதற்கு முன்னாலேயே கோழிக்கூண்டு ஆணியை மிதித்திருந்தாராம். அதை நான் கண்ணால் பார்த்தேனாம்.

எங்கள் வீட்டில் கோழிக்கூண்டே கிடையாது. கோழி வேப்பமரத்தில் ஏறிப் படுக்கும். கூண்டு இருப்பது உன் வீட்டில். அதைத் தூக்கிக்கொண்டு வந்து என் வீட்டில் வைத்து, அவரை இன்னொரு தடவை சாகடிக்கப் பார்க்கிறாயா? காகிதத்தை அவர் மூஞ்சியிலேயே எறிந்தேன். விளக்குமாற்றைத் தேடி எடுப்பதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

நான் ஆணியைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தேன்.

அக்டோபர் எட்டு, செவ்வாய்க்கிழமை காலை. அன்றைக்குத் தண்ணீர் முறை எங்களுக்கு. தெளித்த நெல் முளைத்து, தண்ணீர் இல்லாமல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நீ மேல்மடையில் உரச்சாக்கில் மண்ணைக் கட்டிப் போட்டு வாய்க்காலை அடைத்துவிட்டு வரப்பில் நின்று பீடி குடித்தாய். அவர் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. இறங்கிச் சாக்கைப் பிடுங்கினார்.

"ஏண்டா, எங்கப்பன் குடுத்த நெலத்துல உழுதுட்டு எனக்கே மடையப் புடுங்குறியா?" என்றாய்.

"ஒங்கப்பன் அவரு பொண்ணுக்குக் குடுத்தாரு. நீ குடுக்கல மச்சான். கடைமடைக்காரன் என்ன, ஒன் மூத்திரத்தையா பாய்ச்சிக்குவான்?" என்றார்.

நீ அறைந்தாய். அவர் தள்ளினார். வாய்க்காலில் மல்லாக்க விழுந்தாய். எழுந்தபோது உன் கையில் மண்வெட்டி இருந்தது. முதல் வெட்டு வரப்பில் இறங்கியது. மனுசனாக இருந்தால் அதோடு விட்டிருப்பான். நீ மண்ணில் சிக்கின மண்வெட்டியை அசைத்து அசைத்துப் பிடுங்கி, மறுபடியும் ஓங்கினாய். அது அவர் கெண்டைக்காலில் விழுந்தது. சதை முதலில் வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம்தான் ரத்தம் வந்தது. நான் உன் முடியைப் பிடித்து இழுத்தேன். முழங்கையால் என் வாயில் இடித்தாய். என் முன்பல் வாய்க்காலில் விழுந்தது. இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

மறு வியாழக்கிழமை அவர் வாய் பூட்டிக்கொண்டது. அதற்கப்புறம் நடந்ததை நீ பார்க்கவில்லையே, சொல்கிறேன்.

இட்லியைப் பிட்டு வாயில் வைத்தார். மெல்ல முடியவில்லை. "தாடை புடிச்சுக்குச்சுடி" என்றார். வெள்ளிக்கிழமை கழுத்து மரக்கட்டை ஆகிவிட்டது. சனிக்கிழமை பெரிய ஆஸ்பத்திரியில் ஜன்னலை எல்லாம் துணி போட்டு மூடி இருட்டாக்கின அறையில் போட்டார்கள். சத்தம் ஆகாது, வெளிச்சம் ஆகாது, ஆள் தொடக்கூடாது. ஒரு கரண்டி கீழே விழுந்தால் போதும், முதுகு வில்லாக வளையும். பின்தலையும் குதிகாலும்தான் கட்டிலில் இருக்கும். நடுவில் ஒரு தலையணையைச் செருகி எடுக்கலாம். எலும்பு நெரிகிற சத்தம் என் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக் கடித்து வாயோரம் ரத்தம். ஆனால் முகம் பல்லைக் காட்டிச் சிரிப்பது மாதிரியே இழுத்துக்கொண்டிருந்தது. பார்க்க வந்த ஒருத்தி, "சிரிக்கிறாரே, தேவலையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவருக்கு நினைவு தப்பவே இல்லை. எல்லாம் தெரிந்தது.

என் கண்ணாடி வளையல் குலுங்கினாலும் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. "வளையலக் கழட்டிடுங்கம்மா" என்றது நர்ஸ் அனீஸா. புருசன் உயிரோடு கிடந்து கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்க, நானே ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் முடிந்தேன். செவ்வாய்க்கிழமை அவர் போய்விட்டார். காரியத்தன்று கழற்றுவதற்கு என் கையில் எதுவும் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் உன் வயலில் இறங்கினேன். முளைத்து நின்ற பயிரை ஒரு மா அளவுக்கு மிதித்துச் சேறாக்கினேன். தடுக்க வந்த உன் பெண்சாதியைக் கன்னத்தில் அறைந்தேன். அண்ணி திருப்பி அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கோர்ட்டில் முதல் சாட்சி நான்தான். கையை நீட்டிக் காட்டுவேன், இவன்தான் என்று. அதையும் மீறி நீ வெளியே வந்தால், கருக்கருவாளைத் தீட்டி வைத்திருக்கிறேன்.

அன்பரசன் பெண்சாதி
அம்சம்

~

மத்திய சிறை,
நவம்பர் 22

தங்கை அம்சத்துக்கு அண்ணன் அரசப்பன் எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. இங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கையில் தருவார்கள். கொண்டுவந்து கொடுத்த வார்டர், "ஒன் தங்கச்சிக்கு நல்ல வாயிய்யா" என்றார். நாற்பத்தெட்டு வருசத்தில் நீ என்னை 'நீ' என்றது இதுதான் முதல் தடவை. சரி, இருக்கட்டும்.

கோழிக்கூண்டு வக்கீலுடைய யோசனை. நான் வெட்டவில்லை என்று எங்கேயும் சொல்லவில்லை. கொன்றேன் என்று மட்டும் எழுதாதே. காலில் வெட்டினவன் கொல்ல நினைத்து வெட்டினவனா? கழுத்தும் அங்கேதான் இருந்தது.

நாலாம் நாள் மாப்பிள்ளை நொண்டிக்கொண்டே வயலுக்கு வந்து யூரியா வீசினார். என் கண்ணால் பார்த்தேன். ஆறாம் நாள் ஜாஹித் டீக்கடையில் உட்கார்ந்து பஜ்ஜி தின்றார். என்னைக் கண்டதும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். கொலை செய்யப்பட்டவன் பஜ்ஜி தின்பானா, அம்சம்?

இங்கே இருக்கிற டாக்டரிடம் கேட்டேன். அந்த நோய்க்கு ரணஜன்னி என்று பெயர். கிருமி புண்ணுக்குள் போனால் மூன்று நாளிலும் காட்டுமாம், மூன்று வாரம் கழித்தும் காட்டுமாம். பெரும்பாலும் ஒரு வாரம் பத்து நாளில் வாய் பூட்டுமாம். சொல்லிவிட்டு அவரே கேட்டார்: "வெட்டுப்பட்ட அன்னிக்கே புண்ணக் கழுவி ஊசி போட்டிருந்தா அநேகமா தப்பிச்சிருப்பாரேப்பா. அத்தன நாளு வீட்ல என்ன பண்ணுனாங்க?"

அதுவரை எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அன்றிலிருந்து வேறு எதுவும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி நாலு கிலோமீட்டர். மினிபஸ் உன் வாசலில் நின்று போகிறது. ஒன்பது நாள் அவரை வீட்டில் வைத்துக்கொண்டு நீ என்ன செய்தாய்? என்மேல் இருக்கிற ஆத்திரத்தில் அவரைப் பார்க்க மறந்துவிட்டாயா? கோர்ட்டில் நாகநாதன் இதைத்தான் கேட்பார். அத்தனை பேர் முன்னால், எழில்மொழி முன்னால் கேட்பார். நான் தடுக்க மாட்டேன். என் மடியில் உட்கார வைத்துத்தான் உன் மகளுக்குக் காது குத்தினீர்கள். இன்றைக்கு அவள் என் பெயரைச் சொல்லாமல் "அந்தக் கொலைகாரன்" என்கிறாளாம். அவளும் தெரிந்துகொள்ளட்டும். என்னுடையது ஒரு வெட்டு. மீதி ஒன்பது நாள் உன்னுடையது.

உன் பல்லுக்கு மட்டும் வருத்தப்படுகிறேன்.

அரசப்பன்

~

குளவாய்க்கரை,
டிசம்பர் 3

அரசப்பனுக்கு,

கேட்டுவிட்டாய். சொல்கிறேன். நடுவில் பிரித்துப் படிக்கிற ஆபீசர் ஐயாவும் படித்துக்கொள்ளட்டும்.

அன்றைக்குத் துண்டால் காலை இறுக்கிக் கட்டினேன். பக்கத்து வயல் சித்தீக் பாய் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஆஸ்பத்திரிக்குத்தானே?" என்றார். "இல்ல பாய், வீட்டுக்கு விடுங்க" என்றேன். சொன்னது நான்தான். அவர் இல்லை.

வெட்டுக்காயம் என்று போனால் ஆஸ்பத்திரியில் யார் வெட்டினது என்று கேட்டு எழுதுவார்கள். எழுதினால் போலீசுக்குப் போகும். போலீஸ் வந்து உன்னைக் கொண்டுபோகும். எழில் கல்யாணம் ஐப்பசி பத்தாம் தேதி. பத்தொன்பது நாள்தான் இருந்தது. தாய்மாமன் என்று அவளுக்கு இருப்பது நீ ஒருத்தன். மாமன் மாலை இல்லாமல் எப்படிப் பெண்ணை மணையில் உட்கார வைப்பது? மாமன் எங்கே என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், அவன் பெண்ணோட அப்பனை வெட்டிவிட்டு ஜெயிலில் இருக்கிறான் என்றா சொல்வது?

அவர் காலில் விழுந்தேன். அந்த வெட்டுப்பட்ட காலில். "கல்யாணம் முடியட்டுங்க, அப்பறம் ஒங்க இஷ்டம்" என்றேன். அவர் வலியோடு சிரித்தார். "சரிடி, ஒங்கண்ணன் வந்து மால போடட்டும். பொண்ணு மாலைய வாங்கிட்டு உள்ள போனதும், பந்தலுக்குப் பின்னால கூட்டிப் போயி அவன் முன்பல்லத் தட்டுறேன். ஒன் பல்லுக்கு அவன் பல்லு, கணக்குச் சரி" என்றார்.

கேட்டவர்களுக்கெல்லாம் தன் மண்வெட்டியே வழுக்கிக் காலில் விழுந்துவிட்டது என்றார். டீக்கடையில் உன்னைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று எழுதினாயே, அதற்குத்தான். உன்னிடம் பேசினால் வாய் மீறிவிடும் என்று.

புண்ணுக்கு என்ன போட்டேன் தெரியுமா? வரட்டியைக் கொளுத்தி, பாதி எரிந்ததும் எரியாததுமாய் நுணுக்கி, நல்லெண்ணெயில் குழைத்து வெட்டுக்குள்ளே திணித்தேன். நம் அம்மா நமக்குப் போடுவாளே, அதே மருந்து. உனக்கு அறுப்பில் கை அறுந்தபோது அதைத்தானே வைத்துக் கட்டினாள்? ரத்தம் நின்றது. அஞ்சாம் நாள் மேலே தோல் மூடிக்கொண்டது. "பாத்தீங்களா, ஆஸ்பத்திரியாம் ஆஸ்பத்திரி" என்று பெருமை வேறு பேசினேன்.

அப்புறம்தான் அனீஸா சொன்னது. அந்தக் கிருமி குடியிருப்பதே மண்ணிலும் சாணியிலும்தானாம். காற்றுப் படாமல் மேலே மூடிக்கொண்ட புண் என்றால் அதற்குக் கொண்டாட்டமாம். கதவைத் திறந்தது உன் மண்வெட்டி. உள்ளே போனது உன் மண்ணா, என் சாம்பலா? பெரிய டாக்டரைக் கேட்டேன். "அதச் சொல்ல முடியாதும்மா, ரெண்டுலயும் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் இருக்கிறது, கேள். எழில் சென்னையிலிருந்து தினமும் போன் போடுவாள். மூன்றாம் நாள் அவர் வாய் தவறி, கால்ல சின்ன வெட்டு என்றுவிட்டார். உடனே அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"டி.டி. ஊசி போட்டாச்சாம்மா?"

"கம்பவுண்டர் வந்து போட்டுட்டுப் போய்ட்டாருடி."

"எந்தக் கையில?"

அவள் எதையும் துருவித்தான் கேட்பாள். "எடக் கையில" என்றேன்.

பெரிய ஆஸ்பத்திரியிலும் அவள் எதிரில் அதையே சொன்னேன். இன்றைக்கு வரைக்கும் அவள், அப்பாவுக்கு ஊசி போட்டும் கேட்கவில்லையே என்றுதான் அழுகிறாள்.

வியாழக்கிழமை வாய் பூட்டினதும் முதலில் டவுன் டாக்டரிடம் போனோம். "அடிகிடி பட்டுச்சா?" என்று கேட்டார். இவர் பல்லுக்குள்ளே ஏதோ முனகினார். நான் முந்திக்கொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்லைங்க" என்றேன். வேட்டி புண்ணை மறைத்திருந்தது. பல்வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். சனிக்கிழமை அனீஸா வேட்டியை விலக்கி வடுவைப் பார்த்து, "இது என்னம்மா?" என்று கேட்டபோதுதான் உன் பெயரைச் சொன்னேன். அப்போது அவரால் திரும்பி என்னைப் பார்க்கக்கூட முடியவில்லை.

இதுதான் அந்த ஒன்பது நாள். உன்னை ஒளித்து வைத்த ஒன்பது நாள். கல்யாணமும் நின்றுபோனது.

என் கையெழுத்தில் எல்லாம் எழுதிவிட்டேன். வக்கீலிடம் கொடு. எழிலை முன்னால் நிறுத்தி வைத்துக்கொண்டு படிக்கச் சொல். நீ வெளியே வரலாம். அப்புறம் அவளும் என்னை விட்டுப் போய்விடுவாள். ஒரு வெட்டு தவறினால் பிடுங்கி மறுபடி ஓங்குகிறவன்தானே நீ? ஓங்கு.

அம்சம்

~

மத்திய சிறை,
டிசம்பர் 16

அம்சம்,

நாகநாதன் இரண்டு தடவை வந்தார். தங்கையிடமிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். உன் கடிதத்தைத் தண்ணீரில் ஊற வைத்துப் பிசைந்து கக்கூசில் போட்டுவிட்டேன். ஆணியும் வேண்டாம், ஒன்பது நாள் கேள்வியும் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். "அப்ப நான் எதுக்குய்யா?" என்று கேஸ் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

போலீஸ் வராத அந்த ஒன்பது நாளும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பயல் பயந்துவிட்டான் என்று நினைத்தேன். ஜாஹித் கடையில் நாலு பேர் முன்னால், "ஒரே போடு, இன்னிக்கு வரைக்கும் வாயத் தொறக்கலயே" என்று சொல்லிச் சிரித்தேன். நான் அதைச் சொன்னது வியாழக்கிழமை காலை. எல்லாரும் சிரித்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தேன்.

கழுத்தும் அங்கேதான் இருந்தது என்று உனக்கு எழுதினேன் அல்லவா? முதல் வெட்டைக் கழுத்துக்குத்தான் ஓங்கினேன். சேற்றில் கால் வழுக்கியதால் வரப்பில் விழுந்தது. இதை வேறு யாரும் கேட்கவில்லை. உனக்குத் தெரிய வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைக்குக் காலையில் அந்த மண்வெட்டியால்தான் எங்கள் எருக்குழியில் சாணி அள்ளினேன். கழுவாமல் அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வாய்க்காலுக்கு வந்தேன். தகட்டில் சாணி ஒட்டியிருந்தது. ஆகையால் கிருமி போனது அதிலிருந்துதான். உன் சாம்பலால் இல்லை. நம் அம்மா எத்தனை பேருக்குப் போட்டாள், யார் செத்தார்கள்? நீ மனதைப் போட்டு அறுத்துக்கொள்ளாதே. எழிலிடம் எதையும் சொல்லாதே. அவள் கேட்டால், மாமன் மண்வெட்டியில் சாணி இருந்தது என்று மட்டும் சொல். அவளுக்கு நீ ஒருத்திதான் மிச்சம்.

அண்ணன்
அரசப்பன்

~

குளவாய்க்கரை,
டிசம்பர் 28

கடிதம் வந்தது.

மண்வெட்டியில் சாணி என்று எழுதியிருக்கிறாய். உன் மாடு இரண்டையும் சித்திரையிலேயே விற்றுவிட்டாய். வண்டியில் ஏற மாட்டேன் என்று சிவலை முரண்டு பிடித்தபோது கயிற்றைப் பிடித்தது நான்தான். உன் எருக்குழியை அள்ளித் துடைத்து வயலுக்கு அடித்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் அண்ணி பூசணி போட்டாள். புரட்டாசியில் எனக்கே ஒரு காய் கொடுத்தனுப்பினாள். எந்தச் சாணியை அள்ளினாய்? பொய் சொன்னால் நம்புகிற மாதிரி சொல்ல வேண்டும். நான் சொன்னேனே, இடக் கை என்று, அந்த மாதிரி.

எழிலிடம் சொல்லிவிட்டேன்.

லீவுக்கு வந்திருந்தாள். அடுப்படியில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "அப்பாவுக்கு எடக் கையில போட்டாங்கன்னு சொன்னேன்ல. போடலடி" என்றேன். அவளுக்கு உடனே புரியவில்லை. ஆரம்பத்திலிருந்து சொன்னேன். வண்டியை வீட்டுக்கு விடச் சொன்னது, சாம்பல், டவுன் டாக்டர், எல்லாம். நான் முடித்ததும் அரிசியோடு பாத்திரத்தைத் தூக்கி என் மேல் எறிந்தாள். விளிம்பு நெற்றியில் பட்டுப் பிளந்தது. "நீயும் ஒங்கண்ணனும் சேந்துதான் கொன்னீங்க" என்று அலறினாள். சுவரில் தலையை முட்டிக்கொண்டாள். தெருவே கூடிவிட்டது. நான் ரத்தத்தைத் துடைக்கவில்லை. வடியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

யாரோ மஞ்சள்தூளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எழில் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து, நகம் பதியப் பிடித்து, வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய் மினிபஸ்ஸில் ஏற்றினாள்.  போகிற வழி முழுக்கப் பிடித்த கையை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "எப்படிப் பட்டுச்சு?" என்று கேட்டார்கள். நான் வாயெடுப்பதற்குள் எழில் சொன்னாள்:

"நான்தாங்க அடிச்சேன். எம் பேர எழுதிக்குங்க. மொதல்ல ஊசியப் போடுங்க."

"எந்தக் கையிலம்மா?" என்று என்னைக் கேட்டார்கள்.

"எடக் கையில" என்றாள் அவள். சொல்லிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

நாலு தையல். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை. ஆனால் இன்றைக்குத் தையல் பிரிக்க அவள்தான் கூட்டிப்போகிறாள். வண்டிக்கு நேரமாகிறது என்று வாசலில் நின்று செருப்பைத் தேய்க்கிறாள்.

ஜனவரி இருபத்தொன்றில் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்கள். வரப்பில் விழுந்த முதல் வெட்டையும் சொல்வேன், நீ அதைக் கழுத்துக்கு ஓங்கினதாக எழுதினதையும் சொல்வேன். ரெண்டாவது வெட்டையும் சொல்வேன். என் சாம்பலையும் சொல்வேன். என்ன எழுத வேண்டுமோ எழுதிக்கொள்ளட்டும். உன்னை நான் மன்னிக்கவில்லை. கருக்கருவாள் தீட்டினது தீட்டினபடிதான் இருக்கிறது.

அங்கே உனக்கு ஊசி போட்டார்களா? போடவில்லை என்றால் அந்த டாக்டரிடம் கேட்டுப் போட்டுக்கொள். கம்பியும் தகரமுமாய் இருக்கிற இடம். கீறல் பட்டால் பேசாமல் இருந்துவிடாதே. நான் கூண்டில் ஏறிக் கையை நீட்டும்போது நீ எதிரே உயிரோடு நிற்க வேண்டும்.

தங்கை
அம்சம்